‘அவனுக்கு மண்டையில ஏறாது’: கபடிக் களத்தில் அடிபடும் தலைகளைப் பற்றி

வாலிநோக்கம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த இரவுக் கபடிப் போட்டி அது. அரையிறுதி. பாடிப் போன பையனுக்குப் பதினேழு வயது, எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வருகிறவன். மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். விழும்போது ஒருவனின் முழங்கால் அவன் காதுக்கு மேல் இடித்தது, அடுத்த நொடி தலையின் மறுபக்கம் தரையில் மோதியது. எழுந்தான். எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் எதிரணிக் களத்துக்குள் போய் நின்றான். கூட்டம் சிரித்தது. யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், ஒருவர் சோடா கொடுத்தார். “ஒண்ணுமில்லடா, சிங்கம்டா நீ” என்று முதுகில் தட்டினார்கள். தட்டியவர்களில் நாங்களும் இருந்தோம். அவன் மறுபடி ஆடினான். அணி ஜெயித்தது. ஜெயித்தது அவனுக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

மூன்றாம் நாள் அம்மாவோடு உப்பளத்துக்குப் போனான். உப்பள வெயில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலிருந்து ஒரு சூரியன், கீழே பாத்தியிலிருந்து ஒரு சூரியன். கண்ணைத் திறக்க முடியவில்லை, குமட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டான். வேலைக்குச் சோம்பல் என்று மேஸ்திரி திட்டினார். பள்ளியில் ஒரு பத்தியை மூன்று முறை படித்தும் தலையில் நிற்கவில்லை. தம்பியை அடித்தான், அதுவரை அடித்ததே இல்லை. இடைத்தேர்வில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. அவன் அம்மா பள்ளிக்குப் போய்க் கேட்டபோது ஓர் ஆசிரியர் சொன்ன பதில்: “விடும்மா, அவனுக்கு மண்டையில ஏறாது. விளையாட்டுக் கோட்டாவுல எங்கயாச்சும் சேத்து விடுங்க.”

அந்த மண்டையில் அடிபட்டிருந்தது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இவர்கள் மண்டையில் ஏறாது என்பது அடிபடுவதற்கு முன்பே முடிவாகிவிட்ட சங்கதி ஆயிற்றே.

தோழர்களே, கபடி நம் விளையாட்டு. மைதானம் வேண்டாம், மட்டை வேண்டாம், காலணிகூட வேண்டாம், நாலு கோடு போதும் என்பதால் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்த விளையாட்டு. அதன் மேல் எங்களுக்கு இருக்கும் காதல் யாருக்கும் குறைந்ததில்லை. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். அவர் வாழ்க்கையிலிருந்து மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025இல் வந்தபோது விசிலடித்துக்கொண்டே பார்த்தோம். அதே ஆண்டு, சென்னையின் மையத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா பஹ்ரைனுக்குப் போய், ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற மகளிர் அணியில் ஆடித் திரும்பினார். அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். அந்தப் பதக்கத்துக்குப் போகும் வழியில், நம் ஊர்க் களங்களில் தலையில் அடிபட்டு நின்றுபோகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் பகுதி பனங்காடு என்பதால் உதாரணம் எளிது. பனங்காயை ஓங்கித் தரையில் அடியுங்கள். மேலே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே நுங்கு நசுங்கியிருக்கும். மூளை அதிர்ச்சி, அதாவது டாக்டர்கள் கன்கஷன் என்று சொல்வது, ஏறக்குறைய அதுதான். மண்டையோடு உடைய வேண்டாம், ரத்தம் வர வேண்டாம், தலையில் நேராக அடி விழக்கூட வேண்டாம். உடம்பில் விழும் வேகமான அடி தலையை உலுக்கினாலும் மூளை உள்ளே குலுங்கி, நரம்புச் செல்களின் வேலை தாறுமாறாகும். மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். இப்படி அடிபடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மயங்குவதே இல்லை. ஸ்கேன் எடுத்து “நார்மல்” என்று வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், மூளை அதிர்ச்சியைக் காட்டாது. ஹெல்மெட் போட்டால் சரியாகிவிடும் என்பதும் நினைப்புதான். ஓடு உடையாமல் ஹெல்மெட் காக்கும், உள்ளே நுங்கு குலுங்குவதை அது நிறுத்தாது.

முதல் அடியைவிட மோசமானது அது ஆறுவதற்கு முன் விழும் இரண்டாவது அடி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையன் அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது தலையில் அடிபட்டு வெளியே வந்தான். இரண்டாம் பாதியில் மறுபடி இறக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் பேசவும் நடக்கவும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பள்ளி வயதுப் பிள்ளையை அன்றைக்கு வெளியே எடுக்க வேண்டும், மருத்துவத் துறையினர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

இதே அமெரிக்காவில்தான் இன்னொன்றும் நடந்தது. நாம் முக்கியமாகப் படிக்க வேண்டியது அதைத்தான். அங்குள்ள தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல். பல ஆண்டுகளாகத் தலைக்காயத்தின் விளைவுகளை மூடி மறைத்தது. மைக் வெப்ஸ்டர் என்ற வீரர் 2002இல் இறந்தபோது, நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையை ஆராய்ந்து, தொடர்ந்து விழுந்த அடிகளால் வந்த நோயைக் கண்டுபிடித்தார். 2005இல் அதை அவர் வெளியிட்டதும் அந்த அமைப்பின் மருத்துவக் குழு கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னது. கடைசியில் ஓய்வுபெற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டு, இழப்பீட்டுக்கு ஒப்பந்தம் வந்தது.

ஒப்பந்தத்தின்படி, மூளையின் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சோதித்துப் பார்த்துப் பணம் தருவார்கள். குறைந்திருக்கிறது என்றால் எதிலிருந்து குறைந்திருக்கிறது? ஒரு தொடக்க அளவு வேண்டும். கறுப்பின வீரரின் தொடக்க அளவே வெள்ளை வீரருடையதைவிடக் குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இரண்டு பேரும் சோதனையில் ஒரே மதிப்பெண் எடுத்தாலும், வெள்ளையருக்கு அது நோய், கறுப்பருக்கு அது இயல்பு! வெள்ளையருக்குப் பணம், கறுப்பருக்கு “நீ எப்போதுமே இப்படித்தானே”. அந்த விளையாட்டில் ஆடியவர்களில் பெரும்பான்மையானவர்கள் கறுப்பர்கள். 2020இல் கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்ட பிறகு, 2021 ஜூனில்தான் அந்தக் கணக்கைக் கைவிடுவதாக என்.எஃப்.எல். ஒப்புக்கொண்டது. நாங்கள் இதைப் படித்தபோது எங்கள் காதில் கேட்டது அந்த ஆசிரியரின் குரல். மண்டையில ஏறாது.

அங்கே அதற்கு ஒரு சூத்திரமும் அட்டவணையும் தேவைப்பட்டது. இங்கே சாதி இருக்கிறது, அட்டவணை எதற்கு? மறதி, கவனக்குறைவு, எரிச்சல், பகல் தூக்கம், படிப்பில் சரிவு ஆகியவை மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் என்று மருத்துவப் புத்தகம் சொல்லும். சேரிப் பையன் விஷயத்தில் இவை அறிகுறிகளாகத் தெரிவதே இல்லை, பிறவிக் குணமாகத் தெரிகின்றன. மேல்தெருப் பையன் திடீரென்று படிப்பில் பின்தங்கினால் “என்னாச்சு இவனுக்கு” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் மருத்துவத்தின் முதல் படி. நம் பையன்களுக்கு அந்தக் கேள்வியே கிடைப்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கூலி வேலை செய்து இறுகிய உடம்பு, வலி தாங்கும் என்று நம்மைப் பற்றிச் சொல்லப்படுவதை நாமே பெருமையாக எடுத்துக்கொண்டுவிட்டோம். தோள் வலி தாங்கும், முதுகு வலி தாங்கும். மூளைக்கு எந்தச் சாதியிலும் தசை கிடையாது.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், பாடிப் போன இடத்தில் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு எழ முடியாமல் சரிந்து இறந்தார். வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அது தலைக்காயம் அல்ல. களத்திலேயே உயிர் போனதால் செய்தியானது. தலையில் விழும் அடி மெதுவாக வேலை செய்யும். தேர்வில் தோல்வி, வேலையில் சண்டை, வீட்டில் கோபம் என்று வெவ்வேறு பெயர்களில் வரும். எந்தக் கேமராவும் அதைப் பிடிக்காது.

அரசைப் பற்றிப் பேசலாம். ஜல்லிக்கட்டுக்கு 2017இல் சட்டத் திருத்தம் வந்தது, கூடவே விதிமுறைகளும் வந்தன. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், மாடுபிடி வீரருக்கும் பரிசோதனை, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், தடுப்பு வேலி. வழக்கும் நெருக்கடியும் வந்ததால் இது நடந்தது, நல்லதுதான். காளைக்குச் சான்று உண்டு. பாடிப் போகிற பையனுக்கு? கபடிக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையம் போனால் எங்களிடம் கேட்கப்பட்டதெல்லாம் கொடி என்ன நிறம், பாட்டு என்ன பாட்டு, எத்தனை மணிக்கு மைக்கை நிறுத்துவீர்கள் என்பதுதான். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டோம். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே அரியநாயகபுரத்தைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்புத் தலித் மாணவர் தேர்வெழுதப் போகும்போது பேருந்தை மறித்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் தங்களைத் தோற்கடித்த ஆத்திரம் என்றது அவர் குடும்பம். கபடிக் களம் வெறும் விளையாட்டு இடம் இல்லை என்பது அரசுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அதை ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கிறது.

சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அருமையான திட்டம். அது சாலைக்கானது. களத்தில் உடையும் தலைக்கு அதில் இடமில்லை. இங்கிருந்து ஏர்வாடி, கீழக்கரை எல்லாம் தாண்டி 30 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் மேலே என்றால் மதுரை, இன்னும் நூறு கிலோமீட்டர். இரவு பன்னிரண்டு மணிக்கு இந்தத் தூரத்தை மனதில் போட்டுப் பாருங்கள். விளையாட்டுக் காயங்களையும் அந்த 48 மணி நேரத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், பரிசுப் போட்டி எதற்கும் முதலுதவியாளரும் வண்டியும் இல்லாமல் அனுமதி தரக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும். கேட்போம், மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அரசைத் திட்டுவது எங்களுக்குப் பழக்கம், கை வலிக்காமல் எழுதிவிடலாம். எழுதக் கூசுவது அடுத்தது. அந்த அரையிறுதியை நடத்தியது ஆதிக்கச் சாதிக் குழு இல்லை, அரசு இல்லை. நாம். ஏப்ரல் 14க்கும் செப்டம்பர் 11க்கும் நம் இளைஞர் மன்றங்கள் நடத்தும் போட்டிகளின் செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் எவ்வளவு, மின்விளக்கு எவ்வளவு, சீரியல் செட் எவ்வளவு, கோப்பை எவ்வளவு, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை எவ்வளவு? முதலுதவிக்கு? எங்கள் கணக்கு நோட்டில் பஞ்சு, டிஞ்சர் என்று இருந்தது 140 ரூபாய். வாழ்நாள் முழுக்கப் படித்த தலைவரின் படத்தை மேடையில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் பிள்ளைகளின் மூளையைப் பணயம் வைத்து ஆட விட்டிருக்கிறோம். “அண்ணே, ஒரு ரெய்டு மட்டும் போறேன்” என்று தள்ளாடியபடி வந்த பையனை எத்தனை முறை உள்ளே விட்டிருப்போம்? அவன் கேட்டான், விட்டோம் என்பது பதில் ஆகாது. அடிபட்ட மூளைதான் அந்த முடிவை எடுக்கிறது. அதனிடம் அனுமதி கேட்பது குடித்தவரிடம் வண்டி ஓட்டட்டுமா என்று கேட்பது போல.

காசு இல்லை என்ற சாக்கும் இங்கே செல்லாது. தலையைக் காப்பாற்றும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசே தேவையில்லை. மண்ணிலிருந்து தொடங்கலாம். நம் களங்கள் கோடையில் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கின்றன. முதல் நாளே கொத்திவிட்டு, கல்லும் ஓடும் பொறுக்கி, சலித்த மண்ணும் மரத்தூளும் பரப்பித் தண்ணீர் தெளிக்க வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் இதைச் செய்தார்கள். இப்போது செட்டுக்காரர் வந்த பிறகு கோடு போடுவதோடு சரி. ட்யூப்லைட் கம்பம் கோட்டிலிருந்து மூன்றடியில் நிற்கிறது, கூட்டம் லாபியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பின்னால் தள்ளுங்கள். ஐம்பது கிலோ பையனை எண்பது கிலோ ஆளோடு மோத விடும் ‘ஓப்பன்’ போட்டிகளை நிறுத்தி எடை பார்த்து ஆட விடுங்கள், ரேஷன் கடைத் தராசு போதும். ஒரே இரவில் ஒரே அணி நான்கு ஆட்டம் ஆடுவதை நிறுத்துங்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கால் சோர்ந்து தப்பாக விழுகிறவன் தலை குப்புறத்தான் விழுவான். பிடிக்கப் போகும்போது தலையை நேராகக் கொடுக்காமல் பக்கவாட்டில் வைப்பது, கழுத்துக்குப் பயிற்சி, எதிரியின் தலையையும் கழுத்தையும் பிடிக்காமல் இருப்பது, இவை பயிற்சியாளர் சொல்லித்தர வேண்டியவை. கழுத்தைப் பிடித்தால் நடுவர் தயங்காமல் வெளியே அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு விதி: தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் போதும், உறுதி வேண்டாம். விளையாட்டில் மூளை அதிர்ச்சி பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக மருத்துவர்களும் இதைத்தான் சொன்னார்கள். ஃபில் ஹியூஸ் 2014இல் பந்து தாக்கி இறந்தார். ஐந்தாண்டு கழித்து, 2019 ஆகஸ்டிலிருந்து, சர்வதேச கிரிக்கெட்டில் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக முழு ஆட்டக்காரர் ஒருவரை இறக்கலாம் என்று விதி வந்தது. கிரிக்கெட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதையை நம் கபடிக்கு நாமே கொடுப்போம். தலைக்காயத்துக்காக மாற்று ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், அணிக்கு இழப்பில்லை என்று அறிவித்துவிட்டால் பையன் மறைக்க மாட்டான், அணியும் அவனை மறைக்கச் சொல்லாது.

சந்தேகம் எப்படி வரும்? தள்ளாட்டம், வெறித்த பார்வை, தாமதமான பதில், தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல். சில கேள்விகள் கேளுங்கள்: இது எந்த ஊர்க் களம்? இது முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா பாடிப் போனது யாரு? போன ஆட்டம் யாரோட ஆடினீங்க, ஜெயிச்சீங்களா? ஒன்றில் தடுமாறினாலும் வெளியே. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாலும் மற்ற அறிகுறி ஒன்று இருந்தால் வெளியேதான். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், கழுத்து வலி, எழுப்பினால் எழாத மயக்கம், ஒரு கண்மணி பெரிதாவது, காதிலோ மூக்கிலோ நீர் கசிவது, இவற்றில் ஏதாவது இருந்தால் 108தான், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கழுத்து வலி என்றால் நாலு பேர் சேர்ந்து தூக்கவும் கூடாது. மற்றவர்களையும் டாக்டரிடம் காட்டுங்கள், முதல் 24 மணி நேரம் தனியே விடாதீர்கள், பைக்கைக் கொடுக்காதீர்கள், அன்று இரவு வெற்றி விருந்து என்று ஊற்றிக் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெதுவாக நடை, படிப்பு, ஓட்டம். முதலில் வகுப்பு, அப்புறம்தான் களம். பிரிட்டனில் 2023இல் ஊர்மட்ட விளையாட்டுக்காக வெளியிட்ட வழிகாட்டி 21 நாளுக்குள் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது. நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகள் அணி நடத்தும் தோழிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடிபட்டது தெரிந்தால் வீட்டில் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று அவர்கள் மறைப்பார்கள். அம்மாக்களிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். 21 நாள் என்றால் 21 நாள்தான், ஆயுசுக்கும் இல்லை என்று உறுதி கொடுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் தோழர்கள் பள்ளிக்கும் போக வேண்டும். அடிபட்ட பிள்ளையின் பெயர், தேதி, என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள். அடிபடுவதற்கு முன் அவன் எடுத்த மதிப்பெண்களையும் அதில் எழுதுங்கள். அவனுடைய தொடக்க அளவு அதுதான். அதைக் குறைத்து எழுத இனி யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பையனுக்குத் தலைவலி நிற்க ஏழு வாரம் ஆனது. இப்போது படிக்கிறான், ஆடுவதில்லை. ஆட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவனே போகவில்லை. இந்த ஏப்ரல் போட்டிக்கான கூட்டத்தில் தலைக்காய விதியை நாங்கள் முன்வைத்தபோது இரண்டு மணி நேரம் சண்டை. “இறுதிப்போட்டில நல்ல ரைடரை வெளிய உக்காத்தி வச்சா எவன் ஒத்துக்குவான்?” என்றார் ஒரு மூத்த தோழர். அவர் அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர். இப்போது பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் என்ன சொன்னோம் என்று மறந்து நிற்பார். அன்றும் நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை. விதி நிறைவேறியது. முதல் பரிசில் மூவாயிரம் குறைத்து, விடியும்வரை களத்தோரம் ஒரு வேன் நிற்பதற்கு முன்பணம் கொடுத்தாயிற்று.